அம்புக்குறி போட்ட ஆள்

சோபா கம்பெனியில் வெட்டுகிறவர் வேறு, தைக்கிறவர் வேறு, சட்டத்தில் பொருத்துகிறவர் வேறு. வெட்டும் பகுதியில் துணியை நீள மேஜையில் விரிப்பார்கள். அட்டையை வைத்து வடிவம் வரைந்து வெட்டுவார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டின் பின்புறமும் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போடுவார்கள். அம்பின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் துண்டின் மேல்பக்கம். தைக்கிறவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை. அம்பைப் பார்த்தால் போதும்.

நூல்கண்டு அந்தக் கம்பெனியின் தையல் பகுதியில் இருபத்திரண்டு வருடம் அம்பைப் பார்த்துத் தைத்தவர்.

அந்தப் பெயர் அவருக்குப் பெற்றோர் வைத்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு இருந்ததை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை வாசலில் நின்ற காவலாளியிடம் அதை நீட்டி, "இது கம்பெனியோடது, தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார். காவலாளி சிரித்து, உள்ளே போய்ச் சொல்லி, மதியத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உதிரவே இல்லை. மனைவிகூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

அவர் கம்பெனியை விட்டதற்குக் காரணம் ஒரு லாரி நிறைய குஷன்.

வெட்டும் பகுதியில் யாரோ அவசரத்தில் ஓரத்துக்கு விட வேண்டிய துணியை விடாமல் வெட்டிவிட்டார்கள். தையல் துணியின் விளிம்பை ஒட்டி ஓடியது. ஆள் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் பிரிந்துவிடும் என்று முதல் உறையைத் தைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து மேஸ்திரியிடம் போனார்.

"ஓரம் பத்தல. இப்படியே தைச்சா நிக்காது."

மேஸ்திரி தலையைத் தூக்காமல் கேட்டார். "உன் வேலை என்னப்பா?"

"தைக்கிறது."

"அப்பத் தை."

தைத்தார். எல்லாவற்றையும் தைத்தார். சொன்னதுபோலவே குஷன்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் 'தையல் விட்டுவிட்டது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. வெட்டும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தையல் பகுதியை வரிசையில் நிற்க வைத்துத் திட்டினார்கள். திட்டு அவருக்குப் புதிதல்ல, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடக் கூடியவர்தான். ஆனால் கெட்டுப்போகும் என்று தெரிந்தே தன் கை தைத்துக்கொண்டு போனதே, அதை அப்படி விட முடியவில்லை.

மறுநாளே வேலையை உதறிவிட்டு வந்தார் என்று சொன்னால் அது பொய். ஒரு வருடத்துக்கு மேல் யோசித்தார். பழைய மிஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டார். லீவு நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகளின் நாற்காலிகளுக்கு உறை தைத்தார். கை பழகிக் கொஞ்சம் தைரியம் வந்த பிறகுதான் கம்பெனியில் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

முன்னறை பெரியதல்ல. சுவரைப் பார்த்தபடி மிஷின். ஜன்னலுக்கு அடியில் மகள் கல்லூரிப் பாடம் படிக்கும் மேஜை. பகலில் அது வெட்டும் மேஜை. சாயங்காலம் அவள் வந்ததும் துணியைச் சுருட்டி, துண்டுகளைப் பெருக்கித் தள்ளி, மேஜையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஃபோம் சுருள்கள். அவை எப்படியும் ராத்திரிக்குள் கொஞ்சம் வெளியே தலைநீட்டி, கட்டிலிலிருந்து இறங்குகிறவர் காலைத் தட்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டை. வேலையை விட்ட பிறகும் காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் மிஷின் முன் உட்கார்ந்தார். அது இல்லாமல் கை ஓடவில்லை.

சட்டை மட்டுமல்ல, கம்பெனி மொத்தமும் அவரோடு வீட்டுக்கு வந்திருந்தது. கம்பெனியில் டீக்குச் சங்கு ஊதும் நேரம் வந்தால் தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மகள் இதைக் கவனித்து, தன் பழைய போனில் சங்குச் சத்தம் ஒன்றை வைத்துக் கொடுத்தாள். கேலிக்காகத்தான் வைத்தாள். அவர் அதை மூன்று மாதம் பயன்படுத்தினார்.

ஒருநாள் மனைவி கேட்டார். "என்னங்க, ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகணும். வர்றீங்களா?"

"லீவு கிடைக்குமான்னு பார்க்கணும்."

மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார். "யார்கிட்டக் கேக்கப் போறீங்க?"

அவர் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி, மேனேஜரைப் பார்த்துக் கேட்டுச் சொல்லுங்க. நான் டீ போடுறேன். உங்களுக்கு மட்டும் போதுமா, இல்ல அவருக்கும் சேர்த்தா?"

அதைவிட வேடிக்கை, அவர் தன்னையே பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்ததுதான். மேஜை முன் நின்றால் வெட்டும் பகுதி. மிஷினில் உட்கார்ந்தால் தையல் பகுதி. "கட்டிங் இன்னும் முடியல, முடிஞ்சாத்தான் ஸ்டிச்சிங்குக்கு வரும்" என்று மனைவியிடம் சொல்வார். நாலடி தூரத்தில் நடக்கிற காரியத்துக்கு ஏதோ அடுத்த ஊரிலிருந்து சரக்கு வர வேண்டியதுபோல அந்தப் பேச்சு இருக்கும். இருந்தாலும் யாரும் திருத்தவில்லை. சின்னச் சின்ன வேலைகள் வந்தன, குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. சில மாதம் தலைக்கு மேல் வேலை, சில மாதம் மிஷினுக்கு எண்ணெய் விடுவது தவிர வேறு வேலையில்லை.

அப்படி ஒரு வறண்ட மாதத்தின் முடிவில் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன.

முதல் அழைப்பு பார்லர்காரம்மாவிடமிருந்து. பெரிய அழகு நிலையம் ஒன்றில் வெகுகாலம் சம்பளத்துக்கு முடி வெட்டிய பெண். இப்போது கடைத்தெருவில் சொந்தமாக ஒரு பார்லர் திறக்கப்போகிறார். வந்தவர்கள் உட்காரச் சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சுக்குத் தச்சர் அங்கேயே சட்டம் அடித்து முடித்திருந்தார். மூன்று ஆசனம், மூன்று முதுகுச் சாய்வு. அதற்கு உறை தைத்துப் பொருத்த வேண்டும். துணியை அந்தம்மாவே வாங்கி வைத்திருந்தார். கரும்பச்சை வெல்வெட். கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய நிறம், அந்தச் சுருளில் கடைசித் துண்டு. "இதுக்கு மேல ஒரு சாண் கேட்டாலும் கிடைக்காது, பார்த்துச் செய்ங்க அண்ணா" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். நன்றாக அமைந்தால் உள்ளே இருக்கும் சுழல் நாற்காலிகளுக்கு உறை தைக்கும் வேலையும் நூல்கண்டுக்குத்தான். மாடியில் வரப்போகும் பல் மருத்துவருக்கும் சொல்லிவிடுவாராம்.

இரண்டாவது அழைப்பு மேஸ்திரியிடமிருந்து. "என்னப்பா நூல்கண்டு, வீட்ல உட்கார்ந்து தலையணை உறை தைச்சது போதும். இங்க மேற்பார்வைக்கு ஆள் வேணும். மிஷின்ல குனிஞ்சு கிடக்க வேணாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டாப் போதும். யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லு."

அவர் மனைவியிடம் இரண்டையும் சொன்னார். மனைவி ஒரு மருத்துவமனையில் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறவர். மாதச் சம்பளம் என்பது என்ன, அது இல்லாத வீட்டில் யார் தூக்கம் கெடும் என்று நன்றாகத் தெரிந்தவர். இருந்தும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"பார்லர் வேலையை முடிங்க. அது எப்படி வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

அதுதான் இருவருக்கும் நடுவில் பேச்சாயிற்று. அந்தப் பச்சைப் பெஞ்சு நன்றாக அமைந்தால் முன்னறை. அமையாவிட்டால் மறுபடி சங்குச் சத்தம்.

அவர் பார்த்துப் பார்த்து வெட்டினார், பார்த்துப் பார்த்துத் தைத்தார். முதுகுச் சாய்வின் மூன்று துண்டுகளையும் இடையில் நூல்கயிறு வைத்த பட்டி கொடுத்து ஒரே நீள உறையாகச் சேர்த்தார். உட்புறம் வெளியே தெரிய மடியில் குவித்து வைத்துக்கொண்டு, அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஒவ்வொரு மூட்டிலும் சரிபார்த்தார். பார்த்தன. திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது உறைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பார்லருக்குப் போனார்.

பார்லரின் தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்வேலை முடியும்வரை வெளியே தெரியாதிருக்க அதில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்கப் பொருத்தினார். ஃபோம் வைத்து, உறையை இழுத்து, சுருக்கம் எடுத்து, அடியில் சட்டத்தோடு சேர்த்துப் பின் அடித்தார். சாயங்காலம் கடைசி ஓரத்துக்கு வெளிச்சம் போதவில்லை. பார்லர்காரம்மா ஏதோ வாங்க வெளியே போயிருந்தார். நூல்கண்டே எழுந்து கண்ணாடியிலிருந்து ஒரு காகிதத்தை உரித்தார்.

தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் உள்ளே வந்து பெஞ்சின் மேல் விழுந்தது.

இரண்டு ஓரத்துச் சாய்வுகளும் கரும்பச்சையாக இருந்தன. நடுச் சாய்வு இளம்பச்சையாகப் பளபளத்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். காகிதத்தால் வெயிலை மறைத்தார், மூன்றும் ஒன்றாயின. எடுத்தார், நடுவில் இருந்தது மட்டும் தனியாக நின்றது. கிட்டப் போய் நடுச் சாய்வை மேலிருந்து கீழாகத் தடவினார். உள்ளங்கையை எதிர்த்தது. ஓரத்துச் சாய்வைத் தடவினார். பூனையின் முதுகுபோல வழுக்கிக்கொண்டு போனது.

வெல்வெட்டின் மயிருக்கு ஒரு போக்கு உண்டு. எல்லாத் துண்டும் ஒரே போக்கில் இருக்க வேண்டும், ஒன்று தலைகீழாகிவிட்டால் நிறமே வேறாகத் தெரியும். அது அவருக்குத் தெரியாததல்ல. கம்பெனியில் வெட்டுகிறவர்கள் அம்பு போடுவதற்கு முன் வெல்வெட்டை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதை இருபத்திரண்டு வருடம் தினமும் பார்த்தவர்தான். ஆனால் தடவியது அவர்கள் கை. அவர் கை அம்பை மட்டுமே பார்த்துப் பழகியது. இங்கே துணி குறைவு என்ற பதற்றத்தில் நடுத்துண்டின் அட்டையைத் தலைகீழாக வைத்து வெட்டினார். மயிரே இல்லாத ரெக்சினில் அப்படி வைத்தால் ஒன்றும் ஆகாது. பிறகு தடவிப் பார்க்காமல் அட்டையின் தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அம்பு போட்டார். மிஷினில் உட்கார்ந்ததும் அந்த அம்பை நம்பித் தைத்தார். அம்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் இந்த அம்பைப் போட்ட ஆள் யார் என்று அவர் யோசிக்கவில்லை.

பெஞ்சின் மேல் பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு மூடினார். உரித்த காகிதத்தைத் திரும்ப ஒட்டினார். பார்லர்காரம்மா வருவதற்குள் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி பார்த்ததுமே கேட்டார். "என்னாச்சு, முகமே சரியில்லையே."

"கட்டிங்ல தப்புப் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"கட்டிங்ல. நடுத்துண்டுக்கு அம்பை மாத்திப் போட்டுட்டாங்க."

"அதான் யாருன்னு கேக்குறேன்."

அவர் மேஜையைப் பார்த்தார். மேஜையில் மகள் நோட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்கி, "என்னைப் பார்க்காதீங்க அப்பா, நான் சாயங்காலம் மட்டும்தான் இங்க உட்காருறேன்" என்றாள்.

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மாட்டிவிட்டு அங்கேயே நின்றார். அப்போதுதான் போன் அடித்தது. மேஸ்திரி.

"என்னப்பா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும். ஆபீஸ்ல கேக்குறாங்க. வேற ஆளும் காத்துக்கிட்டிருக்கான்."

"சொல்றேன்."

"என்ன சொல்றேன்? வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நல்ல நேரமா பார்க்கணும்?"

வர்றேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் கம்பெனி அவருக்கு மரநிழல்போலத் தெரிந்தது. அங்கே தப்பு நடந்தால் அது வெட்டும் பகுதியின் தப்பு, இல்லாவிட்டால் பொருத்தும் பகுதியின் தப்பு. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தானேதான் நிற்கிறார்.

"நாளைக்குக் காலையில கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி மெதுவாகப் பேச்சை எடுத்தார். "அந்தம்மா பார்த்தாங்களா?"

"இல்ல. காகிதம் ஒட்டியிருக்கு. விளக்கு வெளிச்சத்துல தெரியாது. திறந்து வெயில் பட்டாத்தான் தெரியும்."

"அப்ப ரெண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது."

"ஆமா."

"நீங்க கம்பெனியில இருந்து, இப்படி ஒண்ணு உங்க கண்ணுல பட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்றது? சொல்லியிருப்பேன். தை போன்னு சொல்லியிருப்பாங்க. வண்டியில ஏத்தி அனுப்பியிருப்பாங்க."

"இங்க யாரு தை போன்னு சொல்றது?"

அவர் கை தட்டில் நின்றது.

"யாரும் இல்ல" என்றார்.

"பிரிக்கக் கூடாதுன்னு சொல்றது?"

"அதுவும் யாரும் இல்ல."

மனைவி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். அவர் சாப்பாட்டை மறந்து விரலால் தட்டின் ஓரத்தில் ஒரு சதுரம் வரைந்தார். ஓரத்துச் சாய்வுகளுக்கு வெளிமுனை வளைந்திருக்கும், அவற்றைத் திருப்ப முடியாது. நடுத்துண்டு வளைவில்லாத நேர்ச்சதுரம். பிரித்துத் தலைகீழாகத் திருப்பினால் போக்கு சரியாகிவிடும், புதுத்துணி வேண்டாம். ஒரே சிக்கல், மேல்பக்கம் மூட்டுக்கு மட்டும் ஒரு விரல் அகலம் விட்டிருக்கிறது. திருப்பினால் அது கீழே வரும், கீழே இழுத்துப் பின் அடிக்க அது போதாது. வேறு துணியில் ஒட்டுப் போட்டு நீட்டலாம். ஆசனத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், கண்ணில் படாது. கம்பெனியில் ஒட்டுப் போடக் கூடாது என்று சட்டமே இருந்தது. அந்தச் சட்டம் போட்டவர்கள் இங்கே யாரும் இல்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையில் பார்லர் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றார். திருத்த வழி தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. இன்னொருவர் துணியில், அவர் சம்மதம் இல்லாமல், மூடி மறைத்துப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. சொன்னால் அந்தம்மா போ என்றுகூடச் சொல்லலாம். கடைத்தெரு முழுக்கச் சொல்லலாம். அப்படியானால் மத்தியானம் மேஸ்திரிக்கு என்ன பதில் என்பதும் முடிவாகிவிடும்.

பார்லர்காரம்மா சாவியோடு வந்தார். "என்ன அண்ணா, நேத்து சொல்லாமக் கிளம்பிட்டீங்க? விரிப்பை வேற போத்தி வச்சிருக்கீங்க. காய்ச்சலா பெஞ்சுக்கு?"

"ஒண்ணு காட்டணும்" என்றார். வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. போனில் இருந்த விளக்கைப் போட்டுப் பக்கவாட்டில் பிடித்து, விரிப்பை எடுத்தார். "நடுவுல பாருங்க."

அந்தம்மா பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். "இது ஏன் வெளுத்திருக்கு?"

"வெளுக்கல. துணியைத் தலைகீழா வெட்டிட்டேன். என் தப்பு."

என் தப்பு என்று சொல்லும்போது அவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. வேறு யாரையும் முன்னால் நிறுத்தாமல் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. திருப்ப முடியும் என்றும், ஒட்டு எங்கே வரும் என்றும், இன்று முழுக்க வேலை பிடிக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார்.

பார்லர்காரம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா அண்ணா இந்தத் துணிக்கு?"

"தெரியும்."

"பிரிச்சா ஊசித் தடம் தெரியாதா?"

"பழைய தையல் போன தடத்துலயே திரும்பப் போகும். தெரியாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா உங்க கண்ணு முன்னாடியே நிப்பேன். வேற எங்க போறது?"

அந்தப் பதில் எப்படியோ அந்தம்மாவுக்குச் சிரிப்பை வரவழைத்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், சிரித்தார்.

"நான் தனியா வீட்டுக்கு வீடு போய் முடி வெட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒரு பொண்ணுக்கு நெத்தி முடியை ரொம்ப மேல ஏத்தி வெட்டிட்டேன் அண்ணா. பழைய இடமா இருந்தா, இருங்க மேனேஜரைக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டு உள்ள போயிடலாம். அன்னைக்கும் வாய்ல அதுதான் வந்துச்சு. இருங்க, மேனேஜரைக் கூப்பிடுறேன்னு. சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தா அவங்க வீட்டுப் பீரோதான் நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான்தான் மேனேஜர்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பொண்ணு இன்னும் என்கிட்டதான் வருது. ஆனா நெத்திப் பக்கம் கத்தரிக்கோல் போனாக் கையைப் பிடிச்சுக்கும்." எழுந்தார். "பிரிங்க. ஆனா இங்கேயே உட்கார்ந்து பிரிங்க. சாயங்காலம் வெயில் வர்றப்ப நானும் இருப்பேன்."

நூல்கண்டுக்கு மூச்சு வந்தது. அதுவரை வரவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பின்களைப் பிடுங்கினார். உறையை உருவித் தரையில் விரித்தார். பிளேடு முனையால் ஒன்றுவிட்டு ஒன்றாக நூலை வெட்டி, துணியில் கீறல் படாமல் இழுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லட்சம் தையல் போட்ட கை, இத்தனை பொறுமையாகப் பிரித்தது கிடையாது. கம்பெனியில் பிரிக்கிற வேலையே தையல் பகுதிக்குக் கிடையாது. நடுத்துண்டு கையோடு வந்ததும் முதலில் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு பழைய அம்பைத் துடைத்துவிட்டுப் புது அம்பு போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

மிஷின் வீட்டில் இருந்தது. மூட்டுகளைத் தைக்க வீட்டுக்கு ஓடினார். நாலு விரல் அகலத்துக்குக் கெட்டித் துணியில் பட்டை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் ஒட்டுப் போட்டார். பட்டியை வைத்துப் பழைய தடத்தில் ஊசியை விட்டார். பாதித் தையலில் போன் அடித்தது. மேஸ்திரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"என்னப்பா, முடிவு பண்ணியா?"

"ஒண்ணு கேக்கணும். அந்த மேற்பார்வை வேலையில, ஒரு உறை தப்பா வந்திருக்குன்னு என் கண்ணுல பட்டா, நானே நிறுத்திப் பிரிக்கச் சொல்லலாமா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? தப்புப் பார்க்கிறதுக்குத் தனி ஆள் இருக்கான். நீ ஆளுங்க உட்கார்ந்து வேலை செய்றாங்களான்னு பாரு, போதும்."

"அப்ப நான் வரல."

"யோசிச்சுத்தான் பேசுறியா? நாளைக்கு வேலை இல்லைன்னு வந்து நின்னா நான் பொறுப்பில்ல."

"சரி. நானே பொறுப்பு."

"பெரிய முதலாளி ஆயிட்ட."

"முதலாளியும் நான்தான், திட்டு வாங்குறதும் நான்தான். வைக்கட்டுமா? ஊசி பாதியில நிக்குது."

மேஸ்திரி ஏதோ முணுமுணுத்தார். வைக்கும் முன் குரலை இறக்கி, "அந்தக் குஷன் விஷயத்தை நீ இன்னும் மறக்கல இல்ல?" என்றார். நூல்கண்டு போனை வைத்தார். மேஸ்திரிக்கும் தை என்று மேலிருந்து யாரோ சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு அன்றுதான் முதன்முதலாக வந்தது. கோபம் கொஞ்சம் தணிந்தது. மிதியை அழுத்தினார்.

பார்லரில் கடைசிப் பின் அடித்து முடித்தபோது கண்ணாடிக் காகிதத்தின் விளிம்புகள் சிவந்திருந்தன. பார்லர்காரம்மா தானே ஏறி ஒவ்வொரு காகிதமாக உரித்தார். வெயில் முழுசாக உள்ளே வந்து சுவரில் ஏறியது. பெஞ்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கரும்பச்சையாகக் கிடந்தது. இருவரும் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். பார்லர்காரம்மா வாசலுக்கு வெளியே தெருவில் நின்றும் பார்த்தார். திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தார்.

"எது தப்பான துண்டுன்னு எனக்கே மறந்து போச்சு அண்ணா" என்றார். "நீங்களும் உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் சும்மா உட்காருகிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் சோபாவுக்குத் தைத்திருக்கிறார். தான் தைத்த ஒன்றில் தான் உட்கார்ந்து பார்த்ததில்லை. கம்பெனியில் அதற்கும் அனுமதி கிடையாது. சாய்ந்தார். நன்றாக இருந்தது.

"சுழல் நாற்காலிங்களை அடுத்த வாரம் எடுத்துட்டுப் போறீங்களா?" என்று பார்லர்காரம்மா கேட்டார்.

"ரெக்சின்தானே?"

"ரெக்சின்தான். பயப்படாதீங்க."

வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மனைவி வாசல் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் முதலில் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும் சும்மா விடுகிறவரா.

"கட்டிங் செக்ஷன் என்னாச்சு?"

"கூப்பிட்டுக் கண்டிச்சாச்சு."

"ஸ்டிச்சிங்?"

"அவனையும்தான். கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சிருக்கான்."

"மேஸ்திரிக்கு?"

"வரலன்னு சொல்லிட்டேன்."

மனைவி கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதன் மேல் ஒரு நிமிடம் சாய்ந்து நின்றார். அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நிலையில் தெரிந்தது. மேஜையிலிருந்து மகள், "அப்ப ரெண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கலையா அப்பா?" என்றாள்.

"எப்படித் தூக்குறது? அவங்களை விட்டா எனக்கு வேற ஆளு இல்ல." சாம்பல் நிறச் சட்டையைக் கழற்றினார். ஆணிப் பக்கம் போனவர், திரும்பி அதைச் சலவைக் கூடையில் போட்டார். "ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகணும்னு எப்பவோ சொன்னியே. இந்த வாரம் போவோம்."

"லீவு கிடைக்குமா?"

"கேட்டுட்டேன்" என்றார் அவர். "கொடுத்துட்டாங்க."